மூணும் அஞ்சும் எட்டு

அபிநயாவுக்கு நொட்டை சொல்வது கைவந்த கலை. சாம்பாரில் உப்பு கம்மி என்று மற்றவர்கள் சொல்லி நிறுத்தினால், அவள் புளி எந்தக் கடையில் வாங்கியது என்பதுவரை போவாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் எழுத்துப்பிழையைத் தேடுவாள், அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை பெயரைப் படிப்பாள். பெரியப்பா சகாதேவன் கொண்டுவந்த வரன் ஒன்றை, போட்டோவில் பையன் சாய்ந்து நிற்கிற பைக் அவனுடையது இல்லை என்று சொல்லியே திருப்பி அனுப்பினாள். விசாரித்துப் பார்த்ததில் பைக் மட்டுமில்லை, போட்டிருந்த கோட்டும் அவனுடையது இல்லை என்று தெரிந்தது. அதற்காக வீட்டில் யாரும் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை.

"நொட்டை சொல்றதுக்குன்னே பொறந்தவ. இவளுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று அம்மா அருணாதேவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை வந்தது. அதுவும் நொட்டை சொல்கிற வேலையே வந்தது.

படிப்பு முடிந்து அபிநயா அடி அண்ணாமலையில் வீட்டோடு இருந்தாள். அப்பா ராஜாவுக்குக் கொஞ்சம் சாமந்தித் தோட்டம். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில், வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் கரும்புச் சாறும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற கடை. அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டுதான் போனில் ஒரு கேம் ஆடிப் பார்த்தாள். நம்ம ஊர் மலையைச் சுற்றி ஆட்டோ ஓட்டுகிற கேம். சென்னையில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து செய்திருந்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இலவசமாகக் கொடுத்திருந்தது தேரடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அவளுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிப் போட்டாள்.

"உங்கள் ஜனம் மலையை இடப்பக்கமாகச் சுற்றுகிறது. அதற்குப் பெயர் கிரிவலம் இல்லை, கிரி இடம். உங்கள் நந்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்று இடத்தில் பூக்காரி வருகிறாள், மூன்றும் ஒரே பொம்பளை, ஒரே புடவை. ஒரு முறையாவது இந்த ஊருக்கு வந்துவிட்டு ஆட்டோ ஓட்டுங்கள்."

திட்டிப் பதில் வரும் என்று எதிர்பார்த்தாள். கம்பெனியிலிருந்து கவிநிலா என்ற பெண் போனில் கூப்பிட்டாள். முழு மலையையும் வைத்து, கம்ப்யூட்டரில் ஆடுகிற பெரிய கேம் ஒன்று தயாராகிறதாம். அதை ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம் உண்டு. அபிநயா தன் காதையே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. "லேப்டாப் உங்களோடதா இருக்கணும்ங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கணும். கேமோட முதல் வடிவத்தை அனுப்புறேன். ஓடுதா, என்ன குறைன்னு திங்கக்கிழமை காலையில சொல்லிடுங்க. ஓடலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க வேற ஆளைப் பாத்துக்கணும்."

அன்றிலிருந்து அபிநயா லேப்டாப் நொட்டையில் இறங்கினாள். சாமந்தியும் கரும்புச் சாறும் சேர்த்துக் கொடுத்த காசுக்குள் அடங்கவேண்டும். யூடியூபில் "வணக்கம் மக்களே" என்று கும்பிடு போடுகிற பையன்கள் எல்லா லேப்டாப்பையும் வேற லெவல் என்றார்கள். போன வாரம் வேற லெவலாக இருந்ததைவிட இந்த வாரத்தினுடையது இன்னும் வேற லெவல். ஒருத்தன் மூடியை ஒற்றை விரலால் திறக்க முடிகிறது என்று ஐந்து நிமிடம் மெய்மறந்து பேசினான். திறந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு நேரம் போதவில்லை. கீழே கருத்து எழுதுகிறவர்களோ, இந்த விலைக்கு லேப்டாப் வாங்குவதைவிடச் சும்மா இருக்கலாம் என்று தர்மோபதேசம் செய்தார்கள். கையில் காசு இருக்கிறவனுக்கு வாயில் வருகிற வேதாந்தம் அது.

இதையெல்லாம் சலித்துச் சலித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த விலையில் நொட்டை இல்லாத லேப்டாப் கிடையாது. எந்த நொட்டையோடு குடித்தனம் பண்ண முடியும் என்றுதான் பார்க்கவேண்டும். திரை கொஞ்சம் வெளிறியிருந்தால் பரவாயில்லை. பேட்டரி சீக்கிரம் படுத்துவிட்டால் ஒயரோடு உட்கார்ந்துகொள்ளலாம். சார்ஜர் செங்கல் கனம் இருந்தால் என்ன, தலையிலா தூக்கப் போகிறோம்? ரேம் குறைவாக இருந்தால் பிறகு ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். ஆனால் திரையில் படத்தை வரைகிற சில்லான கிராபிக்ஸ் கார்டு அப்படியில்லை. வாங்கும்போது உள்ளே இருந்தால் உண்டு, இல்லையென்றால் ஜென்மத்துக்கும் இல்லை. அப்படிக் கழித்துக் கழித்து அவள் கையில் நின்றது ஒன்றுதான். பார்க்க அழுக்குச் சாம்பல் நிறம், முகத்தில் ஒரு களையும் இல்லை. உள்ளே 3050 என்ற எண்ணுள்ள கார்டு, அதற்கென்று தனியாக நினைவகம். கேமை ஓட்ட அது போதும்.

தேரடித் தெருவில் பிரகாஷ் என்பவர் வைத்திருக்கிற கடையில் அது இருப்பு இருந்தது. வியாழக்கிழமையே போய் வாங்கியிருக்கலாம். ஆனால் அப்பா தலையைச் சொறிந்தார்.

"எதுக்கும் பெரியப்பா ஒரு வார்த்தை பாத்துறட்டும்மா."

பெரியப்பா சகாதேவன் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு போனவர், ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. அங்கே அவர் மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த ஒரே தகுதியில் குடும்பத்துக்கே அவர்தான் கம்ப்யூட்டர் நிபுணர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தக் கம்ப்யூட்டரில் அவர் செய்வதெல்லாம் யாராவது தட்டி வைத்ததைப் பிரிண்ட் போடுவது. பிரிண்ட் வராவிட்டால் பிரிண்டரின் தலையில் ஒரு அடி அடிப்பார். ஆனால் கழுத்தில் பட்டையோடு ஒரு பென் டிரைவ், சட்டைப் பையில் இரண்டு போன், காதில் எப்போதும் நீலமாக மினுக்குகிற ஒன்று. அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாளாம்.

அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய எண் கணிதம். வண்டி நம்பர், வீட்டு நம்பர், போன் நம்பர் எதுவானாலும் கூட்டிப் பார்ப்பார். கூட்டினால் ஐந்தோ ஆறோ ஒன்பதோ வரவேண்டும். எட்டு வந்தால் அவ்வளவுதான், சனி. தன் பெயருக்கே ஆங்கிலத்தில் எட்டு வந்துவிட்டது என்று நடுவில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் செருகிக்கொண்டவர். அதிலிருந்து பேங்க்காரனுக்கும் அவருக்கும் ஓயாத தகராறு. அதுவும் பழைய எட்டின் மிச்ச சொச்சம்தான் என்பார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவுக்கு ஆபீஸ். சனிக்கிழமை இரும்புச் சாமான் வாங்கக் கூடாது. லேப்டாப் எப்போது இரும்பாயிற்று என்று அபிநயா கேட்டதற்கு, "ஸ்குரு இருக்குதா இல்லியா?" என்று போனில் மடக்கிவிட்டார். ஆக ஞாயிற்றுக்கிழமை காலையில், விடிந்தால் திங்கள் என்கிற நிலையில், மூன்று பேரும் பிரகாஷ் கடைக்குப் போனார்கள். பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கிக்கொண்ட கேம், அபிநயாவின் பையில் பென் டிரைவாகக் கிடந்தது.

பிரகாஷ் சாம்பல் நிற லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். பெரியப்பா முதலில் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பூசணிக்காய் வாங்குகிற மாதிரி ஒரு பக்கம் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"கனம் ஜாஸ்தியா கீதே. நல்ல லேப்டாப்னா பேப்பர் மாதிரி இருக்கணும்."

"உள்ள ஃபேன் பெருசு பெரியப்பா. கார்டு சூடாவும், அதுக்காக."

"சூடாவுற ஜாமானை எதுக்கு வாங்கணும்?" என்று அவர் பிரகாஷைப் பார்த்துச் சிரித்தார். பெரிய பகடி சொல்லிவிட்ட நினைப்பு. பிரகாஷும் வியாபாரத்துக்காகச் சிரித்து வைத்தார். "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரு இத்தினி வருசம் ஓடுது, ஒரு நாளு சூடானது இல்ல."

வேலை செய்தால்தானே சூடாகும் என்று அபிநயாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கம்ப்யூட்டரைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா என்று அப்பா விளக்கம் கேட்பார் என்பதால் விழுங்கிக்கொண்டாள். காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்றால் இன்றைக்குக் காரியம்தான்.

அப்போதுதான் பெரியப்பாவின் கண், லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உதடு முணுமுணுத்தது. விரல் ஒன்று, இரண்டு என்று மடங்கியது.

"மூணும் அஞ்சும் எட்டு!"

தேள் கொட்டியவர் போல லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ராஜா, இது வேணாம். மூவாயிரத்தி அம்பது. கூட்டு எட்டு. எட்டுன்னா யாரு? சனீஸ்வரன். பொண்ணு மொத மொதல்ல வேலைக்குப் போற நேரத்துல சனியைத் தூக்கி மடியில வெச்சிக்குவாங்களா? மடியில வைக்கிறதுக்குத்தானே லேப்டாப்புன்னு பேரே."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. அவருக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. அண்ணனிடம் நம்பிக்கை உண்டு, அது சின்ன வயசிலிருந்து தொற்றிக்கொண்ட வியாதி. இத்தனை நாள் யூடியூப் பையன்களையும் வேதாந்திகளையும் சமாளித்துவிட்டு, ஒன்றாம் வகுப்புக் கூட்டல் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அபிநயாவுக்கு இருந்தது.

"பெரியப்பா, அது கார்டோட நம்பரு. நம்ம நம்பர் இல்ல. உலகத்துல லட்சம் பேர்கிட்ட அதே நம்பர் இருக்குது."

"அதான் லட்சம் பேரு கஷ்டப்படுறான்."

பிரகாஷ் வியாபாரி. வந்த கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்து இன்னொரு லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தார். கறுப்பு. மூடியில் சிவப்பாக ஒரு பாம்புத் தலை. பொத்தான்களுக்கு அடியிலிருந்து சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் ஓடின. திருவிழாவுக்குக் கோபுரத்தில் சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது. பெரியப்பா வாயைப் பிளந்தார். அதன் மாடல் எண்ணைக் கூட்டினார். ஆறு.

"சுக்கிரன்!" என்று மேசையைத் தட்டினார். "பாரு ராஜா, இதுல கேமிங்னே எழுதிக்கீது. லைட்டு பாத்தியா? கேம்னா லைட்டு எரியணும். அந்தச் சாம்பக் கலரைப் பாரு, எழவு வீட்டுக்குப் போற மாதிரி கீது."

"அதுல கிராபிக்ஸ் கார்டே இல்ல பெரியப்பா."

"இல்லன்னா இன்னா? கார்டுதானே? அப்பறமா அப்ளை பண்ணி வாங்கிக்கினா போவுது. உங்க ரேசன் கார்டுல உன் பேர் சேர்த்தது யாரு? நான்தானே? இந்தக் கார்டு வாங்கித்தர மாட்டனா?"

பிரகாஷ் திடீரென்று குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடினார். அவர் முதுகு குலுங்குவது அபிநயாவுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதருடைய ஒரு வார்த்தைக்குத்தான் வியாழக்கிழமையிலிருந்து காத்திருந்தோம் என்று நினைத்தபோது தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

"பெரியப்பா சொல்றாரேம்மா…" என்று அப்பா இழுத்தார். அந்த இழுப்பு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். சிவப்புப் பாம்பு மஞ்சள் பையில் ஏறி வீட்டுக்கு வரும். நாளைக்குக் காலையில் கவிநிலா கூப்பிடுவாள். ஓடவில்லை என்று சொல்லவேண்டும். அடுத்த முகூர்த்தத்தில் இன்னொரு இரவல் கோட்டுக்காரன் போட்டோ வரும்.

அவள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள்.

"வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் கேமைப் போட்டுப் பாத்துருவோம். பெரியப்பாவே ஓட்டட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளையும் அறியாமல்தான் வந்தது. ஆனால் பெரியப்பாவுக்கு அதைவிட மரியாதை வேறு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கேம் என்றாலே சின்னப் பசங்க வேலையற்ற வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்.

முதலில் சுக்கிரன். பாம்புத் தலை லேப்டாப்பில் கேம் திறப்பதற்குள் பிரகாஷ் டீ வாங்கி வரச்சொல்லி, அது வந்து, குடித்தும் முடித்தார்கள். அதற்கப்புறம் மலை வந்தது, வெந்த கிழங்கு போல. ஆட்டோ ஒரு தாவு தாவி நின்றது, யோசித்தது, மறுபடி தாவியது. கிரிவலம் போகிற ஜனம் தூக்கிய காலை இறக்காமல் அப்படியே நின்றது. கால் என்றா சொன்னோம்? முழங்காலுக்குக் கீழே வெறும் மங்கல்தான். விளக்கு மட்டும் குறையில்லாமல் சிவப்பு, பச்சை, ஊதா என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே போவுது," என்றார் பெரியப்பா. "நிதானமா போவுது. பௌர்ணமி அன்னிக்கு நம்ம ரோட்டுல ஆட்டோ இப்படித்தானே போவும்?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அபிநயா பல்லைக் கடித்துக்கொண்டாள். பென் டிரைவைப் பிடுங்கிச் சாம்பல் லேப்டாப்பில் சொருகினாள்.

"தொட மாட்டேன்," என்று பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"சும்மா ஓட்டுண்ணா. வாங்கினாத்தானே சனி புடிக்கும்? ஓட்டினா புடிக்குமா?" என்றார் அப்பா. அப்பாவியாகத்தான் கேட்டார். பெரியப்பா வேண்டா வெறுப்பாக ஒரு விரலை வைத்தார்.

ஃபேன் புஸ்ஸென்று சீறியது. மலை எழுந்து நின்றது. உச்சிப் பாறையின் மடிப்பும், அடிவாரத்துப் பச்சையும், தார் ரோட்டின் வெயிலும் தெரிந்தன. பெரியப்பாவின் ஆட்டோ சர்ரென்று கிளம்பியது. அவர் உடம்பும் நாற்காலியில் ஆட்டோவோடு சேர்ந்து சாய்ந்தது. இந்திர லிங்கம் வந்ததும் பக்தி மேலிட்டு, பொத்தானிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆட்டோ நேரே போய் ஒரு சாமியார் மேல் இடித்து நின்றது.

"ஐயோ, சாமி, சாமி!" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கிளப்பினார்.

அக்னி லிங்கத்தில் ஒரு முறை கன்னம், எம லிங்கத்தில் ஒரு முறை. ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு மோதல். போகப் போக அவர் முகம் சிவந்தது. திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏய், இன்னாடா இது அநியாயம்! செருப்பு போட்டுக்கினு போறான் பாரு! எல்லாவனும் செருப்பு போட்டுக்கினு கிரிவலம் போறான்! எவன்டா இத்த செஞ்சது?"

அபிநயாவும் குனிந்து பார்த்தாள். ஆமாம், ஜனம் மொத்தமும் செருப்போடு நடந்துகொண்டிருந்தது. வார் அறுந்ததுகூடத் தெரிகிற அளவுக்குச் செருப்பு. பாம்புத் தலையில் கால் தெரிந்தால்தானே செருப்பு தெரிய? அவள் அதை மனசில் குறித்துக்கொண்டு, ஃபேன் சத்தத்தையும், ஆட்டோ சக்கரத்தின் நிழல் சரியாக விழுகிறதா என்பதையும் கவனிக்கத் தொடங்கினாள். லேப்டாப் நன்றாக ஓடியது. அவள் சொன்னது போலவே ஓடியது. ஆனால் யார் பேச்சு கேட்கிறது இந்தச் சபையில்?

நிருதி லிங்கம் போனது. வருண லிங்கம் போனது. அடி அண்ணாமலைக் கோயில் வந்தது. "நம்ம ஊரு! நம்ம ஊரு!" என்று அப்பா அவள் தோளைத் தட்டினார். அபிநயா சக்கரத்தின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா சடாரென்று ஆட்டோவை நிறுத்தினார். இந்த முறை எதன் மேலும் மோதவில்லை, அவரே நிறுத்தினார்.

"எங்க?"

"எது பெரியப்பா?"

"இது குபேர லிங்கம். அப்ப வாயு லிங்கம் எங்க?" ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். அடி அண்ணாமலைவரை போய், மறுபடி வந்தார். ரோடு இருந்தது, புளியமரம் இருந்தது, டீக்கடைகூட இருந்தது. வாயு லிங்கம் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். கழுத்துப் பட்டையில் பென் டிரைவ் ஊசலாடியது.

"ஏழுதான்டா வெச்சிக்கீறான் பாவி! இவன் இன்னாத்த கண்டான் கிரிவலத்த? ஏழு லிங்கத்த சுத்தினா அது கிரிவலமா? எட்டு இருக்கணும், எட்டு! எட்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் சுத்தினது அத்தினியும் வீணு! எட்டு இல்லாத ஊரு இது எந்த ஊரு? நான் இத்தினி வருசமா பௌர்ணமி தவறாம எட்டுலயும் வுழுந்து கும்புட்டுத்தான்டா வேங்கிக்கால்ல வூடு கட்டினேன்! எட்டுதான்டா எங்கள வாழ வெச்சுது!"

கடைக்கு வெளியே போகிறவர்கள் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது அதிலும் தாராளமான நுணல்.

பெரியப்பாவுக்குத் தான் சொன்னது காதில் விழ ஒரு கணம் பிடித்தது. விழுந்ததும் மெதுவாக உட்கார்ந்து, நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தேடி மேசையெல்லாம் தடவினார். அபிநயா வாயைத் திறந்தாள். இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வரிசை கட்டி நின்றது. ஆனால் அவளுக்கு முன்னால் அப்பா பேசிவிட்டார்.

"நானுந்தாண்ணா. வாயு லிங்கத்தாண்டதான் கடை போட்டுக்கீறேன். எட்டாவே இருந்துட்டுப் போவட்டும்." பிரகாஷிடம் திரும்பினார். "இத்தையே கட்டிக் குடுங்க."

அண்ணன் பேச்சுக்கு மேலே அப்பா பேசி அபிநயா பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைக்கூட அவர் சண்டையாகப் பேசவில்லை, அண்ணன் சொன்னதையே திருப்பிச் சொன்னது போலத்தான் சொன்னார். பெரியப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"சாமி எட்டு வேற, சனி எட்டு வேற. இது சாமி எட்டு. நான் ஓட்டிப் பாத்ததாலதான் தெரிஞ்சிது."

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது அபிநயா வெற்றிக் களிப்பில் இருந்திருக்கவேண்டும். மடியில் 3050 இருந்தது. ஆனால் வாயு லிங்கத்தைத் தாண்டும்போது அவளுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து பார்க்கிற லிங்கம். பௌர்ணமி தவறாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஊரிலிருக்கிற எல்லார் மேலும் நொட்டை சொன்னாள். அது காணாமல் போனபோது அவள் சக்கரத்தின் நிழலை அளந்துகொண்டிருந்தாள். பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற மனிதருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவளுக்குப் புதிது, எப்படி உட்கார்ந்துகொள்வதென்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை கவிநிலா கூப்பிட்டாள். ஓடுகிறது என்றாள் அபிநயா. செருப்பைச் சொன்னாள், நிழலைச் சொன்னாள், கடைசியில் வாயு லிங்கத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது.

"இங்க எத்தனை பேர் பார்த்தோம், யாருக்கும் தெரியலைங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

ஆபீஸுக்குப் போகும் முன் வந்து வாசலில் நின்ற பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரரிடம், லேப்டாப் வாங்கும்போது முதலில் கூட்டுத்தொகை பார்க்கவேண்டும் என்றும், இந்த எட்டைத் தேடிப் பிடித்து எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அபிநயா போனைக் கையால் பொத்திக்கொண்டு அதைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"நான் கண்டுபிடிக்கலைங்க. எங்க வீட்டுல ஒருத்தர் கீறாரு. நொட்டை சொல்றதுக்குன்னே பொறந்தவரு."